ஏழாம் கேள்வி

பழைய மாணவர் மலருக்காம்.
பெயர், பட்ச், தொழில், மணமானவரா,
எல்லாம் ஒரே மூச்சில் நிரப்பிவிட்டேன்.
ஏழாவதில் நிற்கிறேன்:
தங்கள் சாதனைகள்,
நூறு சொற்களுக்கு மேற்படாமல்.

மற்றவர்கள் நேற்றே அனுப்பிவிட்டார்கள்.
பிரணவரூபன் மெல்பேர்னில் சுரங்க ரயில்.
ருஸ்தா தோகாவில் நாற்பத்தொரு மாடி.
சந்தருவன் களனி ஆற்றுக்கு ஒரு பாலம்.
தமிழில் எழுதியிருக்கிறான், பிழை இரண்டே இரண்டு.
முதல் வருஷம் அவனுக்குத் தெரிந்த தமிழ்
"மச்சான், பிளேன்ரீக்குச் சீனி கூட" மட்டும்.

எனக்கு,
அறிவியல்நகரிலிருந்து மோட்டார் சைக்கிளில்
இருபத்தைந்து நிமிஷத்தில் ஓர் அலுவலகம்.
கால் ஆடும் மேசை.
பட்டம் வாங்கி ஆறு வருஷத்தில்
நான் போய்ச் சேர்ந்த தூரம்.

அளவைப் பயிற்சி ஞாபகம் வருகிறது.
தண்ணீர்த் தாங்கியடிப் பெஞ்ச் மார்க்கில் தொடங்கி
காட்டோரமாய்ச் சுற்றி
அதே புள்ளியில் வந்து மூட வேண்டும்.
ஐந்தாம் நிலையம் ஒரு பாலை மரத்தடி.
மரத்துக்கு முன்னால் மஞ்சள் நாடா,
சிவப்புப் பலகையில் மண்டையோடு.

"நீ இந்தப் பக்கத்துப் பிள்ளைதானே,
எங்கே கால் வைக்கலாமென்று தெரியும்தானே"
என்றான் பிரணவரூபன், ஸ்டாஃபை என் கையில் தந்து.
பகிடியாய்த்தான் சொன்னான்.
பதினான்கு வயதில் அவ்வழியால் போனபோது
நானும் முன்னே போனவரின் குதிக்காலைத்தான் பார்த்தேன்.
சொல்லவில்லை.
நாடாவுக்கு வெளியே சுற்றிப் போனோம்.
பிழை பத்தொன்பது மில்லிமீற்றர்.
பன்னிரண்டுக்கு மேல் போனால் திரும்பவும் வெயில்.

அன்றிரவு விடுதியில் மின்சாரம் இல்லை.
மெழுகுதிரி வெளிச்சத்தில் ஜெயகௌரி
ஒவ்வொரு வாசிப்பிலும் கொஞ்சம் கிள்ளி
கொஞ்சம் ஒட்டி
எட்டு மில்லிமீற்றருக்குக் கொண்டுவந்தாள்.
எல்லாருக்கும் பி பிளஸ்.

போன மார்கழி,
மூன்றாம் நாள் மழை, இரவு இரண்டு மணி,
குளக்கட்டின் கீழ்ப்புறம் ஒரு கசிவு.
ரோச் அடித்துக் கையில் ஏந்திப் பார்த்தேன்.
தெளிந்த நீரென்றால் நில், கலங்கல் என்றால் ஓடு:
மண் பொறியியலில் எனக்கு மிஞ்சியது
அந்த ஒரு வரிதான்.
கலங்கல்.

கட்டுக்குக் கீழே நூற்றெண்பது வீடு.
வானுக்குக் கீழே பதினொரு பேரின் வயல்,
குடலைப் பருவம்.
பெக்கோக்காரன் இரண்டு தரம் கேட்டான்,
"வெட்டவோ மிஸ்?"
பெரியவரின் போன் எடுபடவில்லை.
நனைந்த தாளில்
நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

விடிய, கட்டு நின்றது.
அதன்மேல் நின்று ஆட்கள் படம் எடுத்தார்கள்.
வேதநாயகம் வயலோரம் நின்றார்,
வயலென்று சொல்ல
ஒரு வேலிக்கதியால் மட்டும் தெரிந்தது.
நட்டஈட்டுப் படிவத்தை நானே கொண்டுபோனேன்.
வாங்கினார், மடித்தார்,
"மகள் சரியாய்த்தான் செய்தனீ" என்றார்.
அதற்குப் பிறகு
சங்கக் கடையில் என்னைக் கண்டால்
சைக்கிளைத் திருப்பிவிடுகிறார்.

ஒரு குளக்கட்டு உடையவில்லை
என்று தட்டினேன்.
பெட்டியின் மூலையில் எண் ஓடியது:
மீதி தொண்ணூற்றேழு.

மலர்ப் பொறுப்பாளர் ஜெயகௌரி எழுதுகிறாள்:
"எடி, இண்டைக்குக் கடைசி நாள்.
சும்மா ஏதாவது போடு,
அந்த ஐந்தாம் நிலையம் மாதிரி."
கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை.

நானும் சிரித்தேன்.
பிறகு வேதநாயகம் என்று தட்டினேன்.
அதையும் ஒரு சொல்லாய் எடுத்துக்கொண்டது.
தொண்ணூற்றாறு.